நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு தேவகோட்டை போன கதை

நீங்கள் செய்த இணையதளத்துக்கு லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி நூற்றுக்கு நூறு கொடுத்தால் தயவுசெய்து உடனே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னதோடு நில்லாமல் காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டில் தேவகோட்டை பஸ்ஸும் ஏறிவிட்டேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் ஊரில் ஆச்சி ஒருவர் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார். சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல், மாவுருண்டை. அவருக்கு ஆர்டர் எடுக்கிற தளம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். அவருடைய பழைய வாடிக்கையாளர் தேவகோட்டையில் ஒரு சார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பார்வை இல்லை. கணினியில் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்கிற என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்துக்கொண்டு பேப்பர், பேங்க் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். "அடுப்புல சட்டி காயுற நேரமாப் பார்த்துத்தான் அவுக போன் வரும். அவுகளே கம்ப்யூட்டர்ல போட்டுக்கிடற மாதிரி செஞ்சு குடுங்க தம்பி" என்றார் ஆச்சி. இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதல் கட்டம் சுலபம். குரோமில் டெவ்டூல்ஸ் என்ற உள்சோதனைப் பகுதியைத் திறந்து, லைட்ஹவுஸில் அக்சஸிபிலிட்டியை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்பதை மட்டும் டிக் செய்து ஓட்டினால் 64. படங்களுக்கு ஆல்ட் என்கிற விளக்க வரி இல்லை, முகவரிக் கட்டத்துக்கு லேபிள் இல்லை, இரண்டு விரலால் பெரிதாக்க முடியாதபடி ஒரு பூட்டு, எல்லாம் நான் எடுத்துப் போட்ட ரெடிமேட் வடிவமைப்பை, அதாவது 'தீம்' என்பதை எழுதிய புண்ணியவான் உபயம். ஒரு மணி நேரத்தில் சரிசெய்தேன்.

இன்னொரு கருவியும் பார்க்கட்டும் என்று வேவ் தளத்தில் முகவரியைக் கொடுத்தேன். என் தளம் அப்போது கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்ததால் அது உள்ளே வர முடியவில்லை. இது புரியாமல் ஹோஸ்டிங்காரரோடு அரை நாள் சண்டை போட்டேன், பாவம் அவர். பிரவுசரோடு சேர்த்துக்கொள்கிற வேவ் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால் போதும், அது நம் பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் லாகின் செய்து பார்க்கிற பக்கத்தையும் சோதிக்கும். சொந்தக் கணினியில் கிடக்கும் கோப்பைச் சோதிக்க வேண்டுமென்றால் மட்டும், எக்ஸ்டென்ஷன் அமைப்பில் கோப்புகளைத் தொட அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் நிறத் தகராறு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5 மடங்கு வேறுபாடு வேண்டும் என்பது கணக்கு. நான் போட்டிருந்த சாம்பலின் நிறக்குறி #777777, வெள்ளையில் 4.48 வந்து ஃபெயில். #767676 என்று மாற்றினால் 4.54, பாஸ்! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலையை ஆச்சி ஆசைப்பட்ட கடுகு மஞ்சளில் போட்டிருந்தேன், பெரிய எழுத்துக்கு 3 இருந்தால் போதும் என்ற சலுகைகூட அதைக் காப்பாற்றவில்லை. அரக்குச் சிவப்பாக்கியதும் ஆச்சி பார்த்துவிட்டு "கண்டாங்கிக் கலரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றதால் தப்பித்தேன். கடையின் பெயரை மட்டும் ஆத்தங்குடிக் கல் படத்தின் மேல் எழுதியிருந்தேன். பின்னால் படம் இருந்தால் கருவியால் வேறுபாட்டைக் கணக்கிட முடியாது, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடும், மதிப்பெண்ணிலும் கை வைக்காது. நானும் பார்க்கவில்லை.

மறுபடி ஓட்டினேன். 100. பச்சை வட்டம். பஸ் ஏறினேன்.

சார் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு முகவரியைத் தட்டினார். தமிழுக்கு இருக்கிற குரல் வர வேண்டும், ஆனால் ஆங்கிலக் குரல் வந்து தமிழ் எழுத்துகளோடு மல்லுக்கட்டியது. காரணம், பக்கத்தின் மொழி என்னவென்று சொல்கிற லாங் என்ற இடத்தில் தீம்காரர் 'இஎன்' என்று ஆங்கிலத்துக்கான குறியைப் போட்டிருந்தார், நான் 'டிஏ' என்று தமிழுக்கு மாற்றவே இல்லை. கருவி பார்ப்பது அங்கே செல்லுபடியாகிற ஒரு மொழிக்குறி இருக்கிறதா என்பதை மட்டும்தான். இருந்தது, பாஸ் போட்டுவிட்டது.

அடுத்து 'எங்களைப் பற்றி' பக்கம். பல வருஷம் முன்னால் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டி, எழுத்துருவையும் ஏற்றியிருந்தேன். திரையில் அருமையான தமிழ். ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் மாட்டிய தமிழ் முகமூடி. அதில் 'ஆச்சி' என்று தெரிவதற்கு உள்ளே கிடப்பது கேப்பிடல் எம், ஆர், ஒரு அரைப்புள்ளி, மறுபடி ஆர், பி. என்விடிஏ அந்த முதல் இரண்டு எழுத்தையும் பார்த்து கம்பீரமாக "மிஸ்டர்" என்றது. நாற்பது வருஷம் பலகாரம் சுட்ட ஆச்சி மிஸ்டர் ஆகிவிட்டார். சார் காபியை வைத்துவிட்டுச் சிரித்தார், "யாரு தம்பி இந்த மிஸ்டரு?" எனக்கு வியர்த்துவிட்டது. பழைய எழுத்துருவில் எதுவும் வைத்திருக்கிறீர்களா, முதல் வேலையாக யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கிற பொது முறைக்கு மாற்றிவிடுங்கள், அதை எனக்கு எந்தக் கருவியும் காட்டிக்கொடுக்கவில்லை.

சிரிப்பு அடங்கி அவர் வாங்கப் போனார். டேப் விசையைத் தட்டுகிறார், பலகாரத்தின் பெயர் வருகிறது, அடுத்த தட்டில் அடுத்த பலகாரம் வந்துவிடுகிறது. எவ்வளவு வேண்டும் என்று கேட்கிற பிளஸ், மைனஸ் எங்கே? இருக்கிறது, ஆனால் நான் அதைப் பட்டனாகச் செய்யாமல் டிவ் என்கிற வெறும் கட்டத்தில் கிளிக்கை மாட்டியிருந்தேன். மவுஸ் இருப்பவருக்கு மட்டும் அது பட்டன். விசைப்பலகைக்கு அது சுவரில் வரைந்த கதவு. நானே ஒரு தடவை மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப்பை மட்டும் தட்டிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். "போனே பண்ணிக்கிடறேன் தம்பி, பரவாயில்லை" என்று அவர் சொன்னதுதான் ரொம்ப உறுத்தியது.

திரும்பி வந்து அதே ரிப்போர்ட்டைக் கீழே வரை இழுத்துப் பார்த்தேன். நீங்கள் கையால் சோதிக்க வேண்டியவை என்று ஒரு பகுதி மடித்து வைத்திருக்கிறது, விசைப்பலகையும் அதில் உண்டு. நூறைப் பார்த்த பிறகு அதை யார் பிரிப்பார்கள்! பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017இல் வேண்டுமென்றே 142 தடைகள் உள்ள ஒரு பக்கத்தைச் செய்து பல கருவிகளைச் சோதித்ததில், நன்றாகச் செய்த கருவியே பிடித்தது 40 சதவீதம்தான் என்பதையும் அன்று ராத்திரிதான் படித்தேன். இன்னொன்று, திரையில் அந்த நேரம் எது திறந்திருக்கிறதோ அதைத்தான் கருவி பார்க்கும். ஓடிபி பெட்டி, கூடைப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு தனித்தனியாக ஓட்டுங்கள்.

லாங் மாற்றினேன், பாமினியை யூனிகோடு ஆக்கினேன், டிவ்வை நிஜப் பட்டன் ஆக்கினேன், கடை பெயருக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை. இந்தத் தடவை நானும் என்விடிஏவைப் போட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆனது, ஆனால் போட முடிந்தது.

ஒரு வாரம் கழித்து விடியற்காலை சாரிடமிருந்து ஆர்டர். யார் உதவியும் இல்லாமல் அவரே போட்டது. சீப்புச் சீடை அரைக் கிலோ பாக்கெட் ஆறு. எனக்கு ஒரே குஷி. மதியம்தான் சந்தேகம் வந்தது, வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தானே, மூன்று கிலோ எதற்கு? கூப்பிட்டேன்.

"ரெண்டுதான் தம்பி கேட்டேன். பிளஸ்ஸை அமுக்குறேன், பிளஸ் பிளஸ்ஸுங்குதே தவிர எத்தனை ஆச்சுன்னு சொல்ல மாட்டேங்குது. ஏறலை போலன்னு திரும்பத் திரும்ப அமுக்கிட்டேன்."

வேவைத் திறந்தேன். பிழைகள்: 0. பிளஸ்ஸையும் மைனஸையும் தூக்கிக் கடாசிவிட்டு, எண்ணைத் தேர்ந்தெடுக்கிற சாதாரணப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு ஆச்சிக்குப் போன் செய்தால், அவர் அதற்குள் மூன்று கிலோவையும் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார்.