உப்புக் காற்றில் கொத்து வேலை

புதுச்சேரியில் பழைய வீடுகளுக்கு மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். புதுக் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கு எங்களைக் கண்டால் கொஞ்சம் இளக்காரம். சுவரைத் தட்டிப் பார்த்து, ஓரத்தில் கொத்திப் பார்த்து, மழை கழியட்டும் என்று காத்திருந்து செய்கிற வேலையில் பெரிதாக என்ன கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதுவும் சரிதான். ஆனால் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் எங்களுக்கு வேலை ஓய்ந்ததில்லை. உப்பு ஓய்வதில்லையே.

வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்பார்கள்: "நல்லா ஸ்ட்ராங்கா பூசிடுங்க மேஸ்திரி." அவர்கள் மனதில் இருப்பது சிமென்ட் பூச்சு. 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிப்போனது. அதை மாற்றுவதற்கே என் நேரத்தில் பாதி போகிறது.

சுவருக்குள் உப்பு இரண்டு வழியாக வருகிறது. தரையிலிருந்து ஓதத்தோடு, அதாவது மண்ணின் ஈரக்கசிவோடு ஏறும்; கிழக்கே இருந்து காற்றோடு வந்து படியும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர்த்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்பப் படிகமாகும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது ராத்திரி ஈரம் அந்த அளவுக்கு மேலே, பகல் காய்ச்சல் அதற்குக் கீழே. படிகமாகிற உப்புக்குச் செங்கல்லின் நுண்துளையில் இடம் போதாமல் நெருக்கித் தள்ளும். காலையில் நனைந்தாற்போல் தெரிந்த சுவர் மதியம் வெள்ளை பூத்து, கை வைத்தால் உதிர்வது இதனால்தான்.

பழைய வீடுகள் சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. அது செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தையும் வெளியே விடும். அதனால் உப்பு முதலில் கலவையைத்தான் தின்னும். சில வருஷத்துக்கு ஒருமுறை இணைப்பைச் சுரண்டிப் புதுக் கலவை திணித்தால் செங்கல் பிழைத்துக்கொள்ளும். மேலே சிமென்ட் பூசினாலோ ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. இடுப்பு உயரத்தில் நின்ற ஓதம் தோள் உயரத்துக்கு ஏறும். அப்புறம் பூச்சு கழன்று விழும்போது செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு விழும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புகைபோக்கி மேலே ஏறிப் பார்க்க வேண்டும். வைசியாள் வீதிப் பக்கம் ஒரு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்கட்டில் அடுக்களை. விறகடுப்பு மேடை அப்படியே இருக்கிறது, அதன்மேல் கேஸ் அடுப்பு. தனியாக இருக்கிற அம்மா கூப்பிட்டுவிட்டார். அடுக்களைச் சுவரில் பழுப்பாக ஒரு கறை. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் திரும்ப வந்துவிடுகிறது. "பைப்பு ஏதாவது ஒழுகுதா பாருங்க தம்பி" என்றார். அந்தப் பக்கம் பைப்பே கிடையாது.

சாரம் கட்டி ஏறினோம். மேற்குப் பக்கத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை. இணைப்பில் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்திருந்தது, செங்கல்லின் விளிம்பு மட்டும் இன்னும் கூர்மை. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ சிமென்ட் வைத்து இணைப்பை அடைத்திருந்தார்கள். அங்கே செங்கல் ஒரு விரற்கடை உள்ளே அரித்துப்போய், சிமென்ட் மட்டும் ஜன்னல் சட்டம்போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கரண்டி நுனி பட்டாலே சிவப்புப் பொடி கொட்டியது. ஒரு மூலையில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. உச்சியில் மூடியைக் காணோம்.

மூடி போனது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 ராத்திரி அது கரையைக் கடந்தபோது ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திறந்து கிடந்த புகைபோக்கிக்குள் இறங்கிய தண்ணீர், உள்ளே பல வருஷமாகப் படிந்திருந்த விறகுப் புகையின் கரியையும் பிசினையும் ஊறவைத்துச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்துவிட்டது. அந்தப் பழுப்பு அதுதான். இதற்கு மேல் பெயின்ட் அடித்து என்ன பிரயோஜனம்?

அம்மாவின் மகன் பாரிஸிலிருந்து போனில் பேசினார். "கேஸ்தானே எரியுது, இடிச்சுட்டு மூடிடுங்க." அதற்கு அம்மா, "அவன் வந்தா பத்து நாள் இருப்பான். வீட்ல இருக்கறது நானு. இடிக்க வேணாம்" என்றார். சரி, மேலேயும் கீழேயும் அடைத்துவிடுங்கள் என்றார் மகன். அதுவும் ஆகாது. இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். மேலே மழை விழாமல் மூடி, பக்கவாட்டில் காற்றுக்கு இடைவெளி. கீழே வலை போட்ட சின்னத் துவாரம். பயன்படுத்தாத புகைபோக்கிக்கு அவ்வளவுதான் வைத்தியம்.

பழைய சிமென்ட்டை எடுப்பதுதான் பெரிய பாடு. மிஷின் வைத்து அறுத்தால் செங்கல்லும் சேர்ந்து போகும் என்பதால் சுத்தியலும் சின்ன உளியும்தான். கெட்டுப்போன செங்கல்லுக்குப் பதிலாக, இடித்த வீடுகளிலிருந்து அதே அளவில் பழைய கல் வாங்கினோம். மூடிக்குக் கம்பி கட்டிய சிலாப் போடலாம் என்றான் என்னிடம் வேலை செய்கிற பையன். நான் கடப்பா கல்லே வைத்தேன். துருப்பிடித்த கம்பி ஊதி கான்கிரீட்டை வெடிக்கச் செய்வதை இந்த ஊரில் எந்த சன்ஷேடைப் பார்த்தாலும் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குகிற தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கடலோரத்துப் போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு அதைப் படித்தால் சிரிப்பு வரும்.

சுண்ணாம்பு என்றதும் எல்லோரும் கடுக்காய், வெல்லம், முட்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் நானும் சேர்க்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால், சுண்ணாம்பு நன்றாக ஊறியிருக்கிறதா, மணலில் உப்பு இல்லையா, பூசியதை ஈரச்சாக்கு போட்டு வெயில் படாமல் காத்தோமா, இந்த மூன்றில்தான் வேலை நிற்கும். பெரும்பாலான இடத்தில் கோட்டை விடுவது சாக்கில்தான். சிமென்ட் வேலை முடித்த கையோடு சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்ப் பழகியவர்களுக்கு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து சாக்கை நனைப்பது கூலியில்லாத வேலையாகத் தெரிகிறது. அதையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக எழுதிவிடுகிறேன். அந்த வரியைத்தான் முதலில் அடிக்கச் சொல்வார்கள்.

கணக்கு அனுப்பியபோது மகன் எத்தனை வருஷ கேரண்டி என்று கேட்டார். மழை முடிந்து தை மாதத்தில் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், கிழக்குப் பக்கத்து இணைப்பை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும், தேய்வதற்காகவே வைத்தது அது என்று எழுதினேன். "அப்போ கேரண்டி இல்லையா?" என்று பதில் வந்தது. கடைசித் தவணையை அம்மாவே தன் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, தை மாதத்துக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.