தலைமைத்துவமும் ஊக்கப்படுத்தலும்: எதைப் படிப்பது, எந்த வரிசையில்?

நிர்வாகவியல் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரும் ஊக்கப்படுத்தல் பகுதியை எளிது என்று கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். மதிப்பெண் கரைவதும் அங்கேதான். படித்தது சுருக்கத்தின் சுருக்கமாக இருப்பதே காரணம். மூலக் கட்டுரைகள் மூன்று நான்கைப் படித்தவரின் விடை முதல் பத்தியிலேயே தனியாகத் தெரிந்துவிடும். கீழே சொல்லும் கட்டுரைகள் முப்பது பக்கத்தைத் தாண்டாதவை. தடித்த பாடநூலுக்கு முன்னால் இவற்றை எடுங்கள்.

முதலில், மனிதத் தேவைகளின் படிநிலை பற்றி ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரை. எல்லாரும் விடைத்தாளில் வரையும் பிரமிடு அதில் கிடையாது. ஒரு தேவை முழுதாக நிறைவேறிய பிறகுதான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை. சராசரி மனிதருக்கு உடல் தேவைகள் 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, தன் திறமையை முழுதாக வெளிக்கொணர்தல் 10 என்ற அளவில் நிறைவேறியிருக்கலாம் என்று, விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள் எனச் சொல்லியே எழுதுகிறார். இந்த ஒரு வரியை எழுதினாலே நீங்கள் மூலத்தைத் தொட்டிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குப் புரியும்.

அடுத்து ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். 1959இல் வந்த அவரது ஆய்வு பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் நடந்தது. வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரத்தையும் மிக மோசமாக உணர்ந்த நேரத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். திருப்தி தரும் காரணிகள் வேறு, அதிருப்தி தரும் காரணிகள் வேறு என்பது அவர் கோட்பாடு. அதன் பலம், பலவீனம் இரண்டும் இந்த முறையில்தான் இருக்கின்றன. நல்லது நடந்தால் ‘என் உழைப்பு’ என்பதும், கெட்டது நடந்தால் ‘நிர்வாகம் சரியில்லை’ என்பதும் மனித இயல்பு. ஆகவே இந்த இரு வகைக் காரணிகளும் தனித்தனியாகப் பிரிந்தது கேள்வி கேட்ட விதத்தாலும் இருக்கலாம். விமர்சனம் கேட்கும் வினாவுக்கு இதை எழுதுங்கள். ‘சம்பளம் முக்கியமில்லை என்றார் ஹெர்ஸ்பெர்க்’ என்பது தவறான வாசிப்பு. சம்பளம் போதாவிட்டால் அதிருப்தி வரும், போதுமான பிறகு அது மட்டும் உழைப்பைத் தூண்டாது என்பதே அவர் வாதம். 1968இல் அவர் எழுதிய கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள். சலிப்பான வேலையோடு இன்னொரு சலிப்பான வேலையைச் சேர்ப்பது செழுமைப்படுத்தல் ஆகாது, கண்காணிப்பைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டுவதே செழுமைப்படுத்தல் என்பதை அதில் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்.

சூத்திரம் உள்ள இரண்டு கோட்பாடுகளில்தான் அதிகப் பிழைகள். விக்டர் வ்ரூம் 1964இல் முன்வைத்ததில் மூன்று கூறுகள்: முயன்றால் முடியும் என்ற எதிர்பார்ப்பு, முடித்தால் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை, அந்தப் பலன் மேல் உள்ள விருப்பம். இவை பெருக்கப்படுகின்றன. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். கூட்டல் குறி போட்டால் கோட்பாட்டின் உயிரே போய்விடும். ஒரு வேலை தன்னளவில் எவ்வளவு ஊக்கம் தரும் என்று அளக்கும் ஹேக்மன், ஓல்டம் இருவரின் மாதிரியில் பயன்படும் திறன்களின் பன்மை, பணியின் முழுமை, பணியின் முக்கியத்துவம் மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதைத் தன்னுரிமையாலும் பின்னூட்டத்தாலும் பெருக்க வேண்டும். 7 புள்ளி அளவுகோலில் முதல் மூன்றும் 6, பின்னூட்டம் 6, தன்னுரிமை 1 என்றால் விடை 36. தன்னுரிமையை மட்டும் 4 ஆக்கினால் 144. இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் ஒரு பக்க விளக்கம் மிச்சம்.

வெகுமதி பற்றிய வினாவுக்கு இரண்டு போதும். எட்வர்ட் டெசியின் 1971 சோதனையில், புதிர் தீர்க்கப் பணம் பெற்ற மாணவர்கள் பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. பாராட்டு அப்படிக் குறைக்கவில்லை. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு ‘வெகுமதி கெடுதல்’ என்று எழுதுவது பெரிய பிழை. ஸ்டீவன் கெர் 1975இல் எழுதியது, ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்கு வெகுமதி தரும் அமைப்புகளைப் பற்றியது. நல்ல கற்பித்தலை எதிர்பார்க்கும் பல்கலைக்கழகம் ஆய்வு வெளியீட்டுக்கே பரிசளிப்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. மேலாளராக இருப்பவர்கள் ஒரே ஒரு கட்டுரைதான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்கட்டும்.

தலைமைத்துவத்துக்குப் பாடநூலே பெரும்பாலும் போதும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. தலைவரின் பாணி எளிதில் மாறாது, சூழலைத் தலைவருக்குப் பொருத்து என்பது ஃபீட்லர் (1967). பணியாளரின் முதிர்ச்சிக்கேற்பத் தலைவர் பாணியை மாற்ற வேண்டும் என்பது ஹெர்ஸி, பிளான்சர்ட். இரண்டையும் ‘சூழ்நிலைக் கோட்பாடு’ என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதேபோல், வேலைக்குப் பதில் வெகுமதி என்ற பரிமாற்றத் தலைமையையும், பின்பற்றுவோரின் நோக்கத்தையே உயர்த்தி மாற்றம் விளைவிக்கும் தலைமையையும் பர்ன்ஸ் (1978) எதிரெதிராக வைத்தார். பாஸ் (1985) ஒரே தலைவரிடம் இரண்டும் இருக்கலாம் என்றார்.

குறிப்பெடுக்கும்போது கோட்பாட்டுக்கு ஒரு பக்கம். யாரிடம் ஆய்ந்தார்கள், எப்படி, என்ன கண்டார்கள், எங்கே பொருந்தாது, வேலையிடத்தில் எதை மாற்றச் சொல்கிறது என ஐந்து வரிகள். நான்காவது வரி காலியாக இருந்தால் அந்தக் கோட்பாட்டை நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

நிகழ்வு வினாவில், அதாவது ‘ஊழியர்கள் உழைப்பைக் குறைத்துவிட்டார்கள், என்ன செய்வீர்கள்’ என்ற வகையில், தெரிந்த ஏழு கோட்பாடுகளையும் கொட்டாதீர்கள். வ்ரூமின் மூன்று கூறுகளை வைத்து எது உடைந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முடியாது என்ற எண்ணம் இருந்தால் பயிற்சியும், லாக், லேதம் சொல்லும் திட்டவட்டமான, சவாலான, எட்டக்கூடிய இலக்கும். உழைத்தும் பலனில்லை என்ற எண்ணம் இருந்தால் கெர். பலனே வேண்டாம் என்று வேலை சலித்திருந்தால் ஹேக்மன், ஓல்டம். வினாவில் தந்த ஒரு வாக்கியத்தையாவது சான்றாக எடுத்துக்காட்டிய பிறகே தீர்வுக்குப் போங்கள்.