பதினைந்து வயதில் திரும்பி வந்த வண்டி, இருபதில் தேறியது

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். 2009 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம், ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, காலம் முடிந்து கிடக்கிறதாம். "எஃப்சி காட்டினா நிக்குமாண்ணே?" என்று கேட்டான். எஃப்சி என்றால் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. வண்டியைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஆனால் வயதை நினைத்துப் பயப்படாதே என்றேன். எங்கள் வீட்டு வண்டியை 15 வயதில் திருப்பி அனுப்பினார்கள். அதே வண்டி 20 வயதில் முதல் தடவையே தேறியது.

அப்பா 2003-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் அது. தூத்துக்குடி வண்டி, டிஎன் 69. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். விடியும் முன்னே கிளம்பி, பாத்திகளுக்கு நடுவே போகிற வரப்புப் பாதையில் தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தார். உப்புத் தண்ணீர் தெறிக்கும், உப்புக் காற்று அடிக்கும். எங்கள் ஊரில் வண்டியைத் தின்பது கிலோமீட்டர் இல்லை, துருதான்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், பசுமை வரி எல்லாம் முடித்து வண்டியைக் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் நிறுத்த வேண்டும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 2018-இல் அது எனக்கு உறைக்கவில்லை.

அப்போது நான் எஞ்சினுக்குச் செலவு செய்தேன். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, டேங்குக்குப் பெயின்ட்டும் அடித்தேன். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. ஆய்வாளர் எஞ்சின் பக்கமே திரும்பவில்லை. "பின் பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. பிரேக் பெடலுக்கும் சுவிட்சுக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் உண்டு, அது துருப்பிடித்து அறுந்திருந்தது. அப்புறம் ஹேண்டில் கழுத்தருகே குனிந்தார். வலது பக்கம், சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்த அடையாள எண், அடித்திருக்கும் இடம். முழுக்கத் துரு. "நம்பரே தெரியலையே, சுத்தம் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம். பின்னால் லாரி வருகிறது, நான் பிரேக் பிடிப்பது அவனுக்குத் தெரியவில்லை என்றால் எஞ்சின் நன்றாக ஓடி என்ன பயன்?

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்தேன். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார். நம்பரின் ஓரம் தேய்ந்துபோனால் யாரோ அழித்து அடித்த மாதிரி இருக்கும், பிறகு விளக்கம் சொல்லி மாளாது என்றார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் சுற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்கத் துரு பொடிப் பொடியாக வந்தது. மெல்லிய தாளை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து உரசினேன். கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கடைசிக்கு முந்தின எண் 3 மாதிரி தெரிந்தது. ஆர்சி புக்கில் 8. வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்னொரு தடவை பிரஷ் போட்டு உரசினால், இடது பக்க வளைவுகள் இரண்டும் வந்து 8 ஆகிவிட்டது. அந்தத் தாள் இன்னமும் ஆர்சி கவருக்குள் இருக்கிறது.

மறுபடி காட்டித் தேறிய பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வண்டிக்கு என்று ஒதுக்கினேன். ஹெட்லைட், டிம், பிரைட், இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு பிரேக்குக்கும் பின்விளக்கு, எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பேன். இந்தப் பழைய மாடலில் ஐடிலில் ஹெட்லைட் மங்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் பளிச்சென்று வரும். அது கோளாறு இல்லை, எஞ்சினோடு சுற்றும் மேக்னட்டிலிருந்து நேரே கரண்ட் வருவதால் அப்படி. பிரேக் டிரம்மில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அந்த அம்பு டிரம் தட்டில் இருக்கும் கோட்டைத் தொட்டால், உள்ளே அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்து தீர்ந்தது என்று அர்த்தம். எதையும் கழற்றாமலே தெரிந்துவிடும்.

மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் லேசாக மாட்டி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்திலிருக்கும் பேரிங், போய்விட்டது, பால்ஸ் உட்கார்ந்து உட்கார்ந்து குழி போட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் 2020-இல் மாற்றினோம்.

எங்கள் வண்டி காலத்து ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு 3.5 சதவீதம் வரை இருக்கலாம். எங்கள் வண்டி ஒருமுறை அதைத் தொடப் பார்த்தது. கார்புரேட்டரைத் திருகும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றினால், புழுதி அடைத்துக் களிமண் மாதிரி இருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் முழுதாக எரியாது. ஃபில்டர் மாற்றியதும் 1.8-க்கு இறங்கிவிட்டது.

2023-இல் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய். 2018-இல் 300-தான். ஆய்வு பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பென்சில் அச்சு எடுத்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், டயரைப் பார்த்தார், ஓட்டிக் காட்டச் சொன்னார், சரி என்றார். எனக்குப் பக்கத்தில் எட்டு வயதுகூட ஆகாத ஒரு பைக் நின்றது, பெயர் மாற்றவோ என்னவோ வந்திருந்தது. சைலன்சரை மாற்றி, பின்சீட் கைப்பிடியையும் சேலை கார்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். அது எஃப்சிக்கு வந்தால் வயது அதைக் காப்பாற்றாது. கைப்பிடியும் பின் சக்கரத்தைப் பாதி மறைக்கும் காப்பும் சட்டப்படி இருக்க வேண்டியவை. எங்கள் அம்மா இன்றும் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார், எங்கள் வண்டியில் அவை இரண்டையும் நான் தொட்டதே இல்லை.

20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டில் கட்டணத்தை 2,000 ஆக்கிவிட்டார்கள். 2028-இல் அதைக் கட்டுவேன், வருத்தமில்லை.

சித்தி மகன் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். சேசிஸ் நம்பர் தெளிவாக இருக்கிறது, ஆர்சியோடு ஒத்துப்போகிறது. பிரேக் விளக்கு எரிகிறது. ஹேண்டில் மட்டும் நடுவில் மாட்டுகிறதாம். கோன் செட்டை மாற்றச் சொல், விற்பவர் பெயரிலேயே எஃப்சி முடித்துக் கொடுக்கட்டும், அதுவரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதே என்றேன். பின்சீட் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம். திரும்பப் போயிருக்கிறான்.