‘கண் நல்லாத்தான் இருக்கு’: இளவயதில் தீராத கண் வறட்சி

“பார்வை 6/6. கண் நல்லாத்தான் இருக்கு. போன் பாக்கறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

இருபதுகளில் கண் வறட்சி என்று போனால் முதல் தடவை கிடைப்பது இந்த வசனமும் ஒரு பாட்டில் சொட்டு மருந்தும்தான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய எழுத்தை வாசிக்க இரண்டு நொடி போதும். வறண்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் கிழிய நாலைந்து நொடி ஆகும். அதற்குள் சோதனை முடிந்துவிடுகிறது. மங்கல் வருவது திரையில் நீளமான பத்தி ஒன்றை இமைக்க மறந்து படிக்கும்போது. மண் விழுந்தது போல உறுத்தல், எரிச்சல், கூடவே பொலபொலவென்று தண்ணீர். “தண்ணிதான் கொட்டுதே, அப்புறம் என்ன வறட்சி?” என்று கேட்காதவர் இல்லை. காய்ந்த விழி எரிச்சல் தாங்காமல் அவசரமாக வரவழைக்கும் தண்ணீர் அது. விழியில் படிந்து நிற்காது, கன்னத்தில் வழிந்து போய்விடும்.

சொட்டு மருந்து வாங்குவதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: குறைவது தண்ணீரா, எண்ணெயா? இமை விளிம்பில் இமைமுடிகளுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்தான் எண்ணெய் சுரப்பவை. கண்ணீர் ஆவியாகாமல் மூடி வைப்பது அந்த எண்ணெய். பெரும்பாலானோருக்கு அடைபடுவது இதுதான், வெறும் தண்ணீர்க் குறைபாடு குறைவு. எண்ணெய் இல்லாத கண்ணில் நாள் முழுக்கச் சொட்டு ஊற்றினாலும் கால் மணி நேரத்தில் பழைய கதைதான்.

இதைக் கண்டுபிடிக்கப் போகிற பயணத்தை நாமே கெடுத்துக்கொள்வதுதான் அதிகம். காத்திருக்கும் இடத்தில் எரிகிறதே என்று சொட்டு விட்டுக்கொண்டு உள்ளே போனால், மருத்துவர் பார்ப்பது கண்ணை அல்ல, மருந்தை. குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே எல்லாச் சொட்டையும் நிறுத்திவிடுங்கள். கண் மை, மஸ்காரா வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்று கண்ணாடியோடு போவது நல்லது. சோதனைக்கு விடும் ஃப்ளோரசீன் சாயம் மென் லென்ஸில் ஏறினால் போகாது. காலையை விட மாலையில் தொந்தரவு அதிகம் என்றால் மாலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கண் வறட்சித் தொந்தரவை அளக்கும் ஓஎஸ்டிஐ என்ற 12 கேள்விப் படிவத்தை நிரப்பி எடுத்துப் போவது பெரிய உதவி. 0 முதல் 100 வரை மதிப்பெண். 13 வந்தாலே சாதாரணமில்லை என்று கணக்கு. “ரொம்ப எரியுது டாக்டர்” என்பதைவிட “41” என்ற எண்ணுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் மரியாதை அதிகம். கசப்பாக இருந்தாலும் உண்மை.

உள்ளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. சாயம் விட்டு நீல ஒளியில் பார்க்கும்போது படலம் எத்தனை நொடியில் உடைந்தது? 10 நொடிக்குக் கீழே என்றால் குறைவு. கருவிழியில் சாயம் புள்ளி புள்ளியாக ஒட்டியதா? இமை விளிம்பை அழுத்தியபோது என்ன வந்தது? நல்ல சுரப்பியில் தெளிந்த எண்ணெய் துளிர்க்கும். அடைத்ததில் பற்பசை போல வெள்ளையாகத் திரண்டு வரும், அல்லது ஒன்றுமே வராது. இந்த மூன்றாவதைப் பலர் செய்வதே இல்லை. வாய்விட்டுக் கேளுங்கள்.

கீழ் இமைக்குள் காகிதப் பட்டை வைக்கும் ஷிர்மர் சோதனை 5 நிமிடம். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் தண்ணீர் போதுமானது. 5 அல்லது அதற்குக் கீழே என்றால் உண்மையிலேயே குறைவு. இதை முதலில் செய்துவிட்டால் காகிதம் உறுத்திக் கண் கலங்கிவிடும், பிறகு எடுக்கும் நொடிக் கணக்கு தப்பாகும். படலம் உடையும் நேரம் முதலில், ஷிர்மர் கடைசியில். ஷிர்மர் 18, உடையும் நேரம் 4 நொடி என்று வந்தால் குழம்ப வேண்டாம். தண்ணீர் இருக்கிறது, மூடி இல்லை.

இந்த வயதில் காரணம் பெரும்பாலும் மருந்துச் சீட்டில் ஒளிந்திருக்கும். முகப்பருவுக்கு எடுத்த ஐசோட்ரெடினாயின், ஒவ்வாமை மாத்திரை, சில மனச்சோர்வு மருந்துகள், லேசர் பார்வைத் திருத்த அறுவை, வருடக்கணக்கில் லென்ஸ். பழையது என்று விட்டுவிடாமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் வறட்சி, மூட்டு வலி, விளங்காத அசதி ஆகியவையும் சேர்ந்திருந்தால் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கான ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வயது குறைவு என்பதாலேயே இந்தக் கேள்வி மேசைக்கு வராமல் போவதுண்டு.

சொட்டு மருந்தில் முதல் கண்ணி, பிரிசர்வேட்டிவ். பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் அது இல்லாத வகைக்கு மாறிவிட வேண்டும். இரண்டாவது கண்ணி, ‘சிவப்பு போக்கும்’ சொட்டு. அது ரத்தக்குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு தடவைக்கு ஒரே சொட்டு. கண் இடுக்கில் நிற்கும் அளவைவிட ஒரு சொட்டே பெரிது, இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். கீழ் இமையை லேசாக இழுத்து, முனை எங்கும் படாமல் விட்டு, ஒரு நிமிடம் மூடி வைத்திருங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. களிம்பு எப்போதும் கடைசி. எரியும்போது விடுவோம் என்று இருக்காதீர்கள். எரிச்சல் தொடங்கும் நேரம் தெரிந்துவிட்டால் அதற்கு அரை மணி முன்பே விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

இனி ஒத்தடம். “செஞ்சு பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல” என்று சொல்பவர்களில் பாதிப் பேர் செய்தது ஒத்தடமே அல்ல. வெந்நீரில் நனைத்த துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். உறைந்த எண்ணெய் இளக இமையில் சுமார் 40 டிகிரி சூடு பத்து நிமிடம் நிலைக்க வேண்டும். துணிதான் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நாலு நாளில் அலுத்துவிடும்; சூடு தாங்கும் மணிகள் அடைத்த கண்பட்டை வாங்குவதே மேல். மைக்ரோவேவில் சுட வைத்தால் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்த பிறகுதான் கண்ணுக்கு. நடுவில் மட்டும் கொதிக்கும் பட்டைகள் உண்டு, இமைத்தோலோ மிக மெல்லியது.

எடுத்த சூட்டோடு, கண்ணை மூடியபடி, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் வழித்து விடுங்கள். அழுத்தம் இமை விளிம்பில் மட்டும். விழியை அமுக்கவோ கசக்கவோ கூடாது. இளவயதில் கண்ணைக் கசக்கும் பழக்கம் கருவிழி கூம்பாகும் கெரடோகோனஸுக்கு வழி வைக்கும், அதுவும் சூடேறிய கண் இன்னும் மோசம். முடித்ததும் சில நிமிடம் பார்வை மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு வேளை. பலன் தெரிய மூன்று நான்கு வாரம். இமைமுடியின் அடியில் உறை போட்டது போலச் செதில் ஒட்டியிருந்தால் டெமோடெக்ஸ் பூச்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. டீ ட்ரீ எண்ணெயை அப்படியே எடுத்து இமையில் பூசி வெந்துபோகாதீர்கள்.

சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதிக் கொடுத்தால், எப்போது பலன் தெரியும் என்று ஒரு தேதியையும் கேட்டு வாங்குங்கள். அழற்சியை அடக்கும் மருந்து அது, முழுப் பலனுக்கு 3 முதல் 6 மாதம். முதல் வாரங்களில் விட்டவுடன் சுருக்கென்று எரியும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாவது வாரம் பாட்டில் குப்பைக்குப் போகிறது, நானும் அப்படித்தான் செய்தேன். ஆரம்பத்தில் கூடவே தரும் ஸ்டீராய்டு சொட்டு உடனே சுகம் தரும்; அதனாலேயே ஆபத்து. கண் அழுத்தம் ஏறலாம், சொன்ன நாளைத் தாண்டித் தானாக வாங்கி விடவே கூடாது. கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் பிளக் தண்ணீர் குறைந்தவர்களுக்கு நல்லது. அழற்சி அடங்குமுன் வைத்தால் அழற்சிப் பொருளும் கண்ணிலேயே தேங்கும்.

ஒமேகா 3 மாத்திரையில் பெரிய நம்பிக்கை வேண்டாம். 2018இல் வெளியான ட்ரீம் என்ற கண் வறட்சி ஆய்வில், ஒரு வருடம் தினமும் 3000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். விழி திறந்திருக்கும் பரப்பு குறையும், செலவில்லாத வைத்தியம். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை இமைப்பவர் திரை முன் ஐந்தாறு முறைதான் இமைக்கிறார், அதிலும் பல அரை இமைப்பு. கண்ணை முழுதாக மூடி, இரண்டு நொடி வைத்து, மெல்ல அழுத்தித் திறங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஐந்தாறு முறை. மின்விசிறி, ஏசி காற்று முகத்துக்கு நேரே வரவே கூடாது. எழுந்ததும்தான் எரிச்சல் உச்சம் என்றால், தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்று வீட்டில் யாரையாவது டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கீற்று வெள்ளை தெரிந்தால் இரவுக் களிம்பு தேவைப்படும்.

கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, லென்ஸ் போட்ட கண்ணில் சிவப்பும் கூச்சமும் வந்தால் இவை எதையும் செய்துகொண்டிருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

மறுபரிசோதனைக்கு அதே நேரம், அதே வரிசைச் சோதனை என்று கேளுங்கள். காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டு ‘குறைஞ்சிருக்கு’ என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. எனக்குப் படலம் உடையும் நேரம் ஆறு மாதத்தில் 4 நொடியிலிருந்து 7 நொடியாகியிருக்கிறது. 10 இல்லைதான். ஆனால் ஒரு வரியைத் தொடங்கினால் அது மங்குவதற்குள் படித்து முடித்துவிட முடிகிறது.