வயிற்று டிபி: எவ்வளவு வெட்டுவது?

"இருமலே இல்லையே சார், எப்படி டிபி வரும்?" குடல் காசநோய் என்று சொன்னதும் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும். நுரையீரல் சுத்தமாக இருந்தாலும் குடலில் வரலாம், வயிற்றுச் சவ்வில் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற அந்த வலது அடிவயிற்றில்தான் அதிகம். நிணநீர்த் திசு அங்கே நிறைய, உணவு தேங்குவதும் அங்கேதான்.

எங்கள் வார்டுக்கு வருகிறவர்களில் பலர் மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிட்டு ஓய்ந்தவர்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கும், கடமுடவென்று சத்தம் கேட்கும், ஏதோ உருண்டு ஓடும், பிறகு சட்டென்று வலி விட்டுவிடும். சாயங்காலக் காய்ச்சலையும் எடை குறைந்ததையும் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். ஸ்கேனை மட்டும் பார்த்தால் கிரோன்ஸ் நோயா (குடலில் வரும் நாட்பட்ட அழற்சி), புற்றுநோயா, டிபியா என்று பல நேரம் பிரித்துச் சொல்லவே முடியாது. வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை அளவு உயர்ந்து, சினைப்பைப் புற்றுநோயோ என்று பயந்து வரும் பெண்களுக்கு லேப்பராஸ்கோப்பில் (சிறு துளை வழியே விடும் கேமராவில்) பார்த்தால் சவ்வு முழுக்க ஜவ்வரிசி தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் டிபி என்று வரும். அந்த ரிப்போர்ட்டைக் குடும்பத்தாரிடம் சொல்வது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த தருணம்.

நோயைக் குணமாக்குவது ஆறு மாத மாத்திரைதான். அடைப்பு, ஓட்டை, நிற்காத ரத்தப்போக்கு இவற்றுக்குத்தான் கத்தி. முன்பெல்லாம் வலது பக்கப் பெருங்குடலையே எடுத்துவிடுவார்கள், அல்லது நோயுள்ள பகுதியை உள்ளேயே விட்டு பைபாஸ் செய்வார்கள். அப்படி ஒதுக்கிய குடலில் தேக்கமும் புரையும் (தானாக உண்டாகும் தவறான துளைவழி) வந்து அந்த வழக்கம் குறைந்தது. 1977இல் நம் நாட்டு மருத்துவர் கத்தாரியாவும் குழுவினரும் டிபி சுருக்கங்களுக்கு, அதாவது டிபியால் குடல் குறுகிப்போன இடங்களுக்கு, குடலை எடுக்காமலேயே நீளவாக்கில் வெட்டிக் குறுக்குவாக்கில் தைக்கும் முறையை எழுதினார்கள். மேல்நாட்டில் கிரோன்ஸ் நோய்க்கு அது போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஒரு சுருக்கத்தைச் சரிசெய்துவிட்டு வயிற்றை மூடக்கூடாது. திறந்த குடல் வழியாக ஃபோலி கதீட்டரை (நுனியில் பலூன் உள்ள குழாயை) உள்ளே விட்டு, பலூனை ஊதி, மெல்ல இழுத்துக்கொண்டே வருவோம். வெளியிலிருந்து கைக்குத் தட்டுப்படாத சுருக்கம் இருந்தால் பலூன் அங்கே மாட்டிக்கொள்ளும். சில வயிறுகளில் குடலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், பிரிக்கப் பிரிக்கக் கிழியும். முழு அடைப்போ ஓட்டையோ இல்லையென்றால் பயாப்ஸி எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டியதுதான். திறந்தாயிற்று, எதையாவது செய்துவிட்டுப் போவோம் என்று இளையவர்களுக்குக் கை துடிக்கும். அதை அடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலை. ஓட்டை விழுந்து, உடம்பில் சத்தே இல்லாமல் வருகிறவர்களுக்குத் தையல் பிடிக்காது. அங்கே தையலை நம்பாமல் குடலை வெளியே கொண்டுவந்து பை வைத்துவிடுவோம், பிறகு உடம்பு தேறியதும் உள்ளே இணைத்துக்கொள்ளலாம்.

காயம் ஆறியதும் "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அதனால் தையல் பிரிக்கும் முன்பே அரசின் டிபி பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு செய்துவிடுகிறோம். சத்துணவுக்காக அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய், வங்கிக் கணக்கிலேயே வரும். பயாப்ஸி முடிவு வந்த அன்றே பாஸ்புக் ஜெராக்ஸைக் கேட்டு வாங்கிவிடுங்கள் என்று சிஸ்டர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.