மின்சார ஸ்கூட்டரும் எங்கள் குடியிருப்பின் தரைத்தளமும்

2025 மார்ச் இரண்டாம் வாரத்தில், கோவையில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்க முடிவு செய்தேன். மின்சார வாகனங்களுக்கு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் இருசக்கர வாகனங்களுக்குப் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணித் திறனுக்கும் 5,000 ரூபாய் வீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை கிடைத்த மானியம் ஏப்ரல் முதல் பாதியாகக் குறையவிருந்ததால், மாத இறுதிக்குள் பதிவை முடித்தாக வேண்டியிருந்தது.

விற்பனையகம் தந்த விலைப்பட்டியலில் 'பதிவுச் செலவு' என்று ஒரே தொகையாக எழுதியிருந்தார்கள். பதிவுச் சான்றுக் கட்டணத்திலிருந்து மின்சார வாகனங்களுக்கு 2021 ஆகஸ்டிலேயே மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்போது அவற்றுக்குச் சாலை வரியும் கிடையாது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டதும் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. வாங்குவோர் இதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

மானியம் பெற ஆதார் வழியே முகத்தைச் சரிபார்க்க வேண்டும். என் ஆதார்ப் படம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்தது; மூன்று முறை முயன்றும் செயலி ஏற்கவில்லை. ஆதார் மையத்தில் 100 ரூபாய் கட்டிப் படத்தைப் புதுப்பித்து, அது பதிவேறும்வரை ஒரு வாரம் காத்திருந்தேன். நான்காம் முயற்சியில் கைபேசிக்கு மானியத்துக்கான மின்னணுச் சீட்டான மின்-வவுச்சரை இறக்கும் இணைப்பு வந்தது. அதை இறக்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததும், விற்பனையாளரும் கையெழுத்திட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் ஏற்றினார். மார்ச் 28 அன்று வெள்ளை எழுத்துகள் பொறித்த பச்சை எண் பலகையோடு வண்டி வீடு வந்தது.

உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி, வண்டி நிற்பது தரைத்தளம். அங்கே ப்ளக் பாயிண்ட் வைக்கக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்கவில்லை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு, பொது மீட்டரில் ஏறும் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள் என்றே இன்றும் கருதுகிறேன். வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே உரிமையாளர் தம் வாகனத்துக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டு சென்றேன். பொது மீட்டரைத் தொடாமல், தரைத்தளத்தில் வரிசையாக இருக்கும் மீட்டர்களில் எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து, பி.வி.சி. குழாய்க்குள் கம்பி இழுத்து, எர்த் உறுதியாக உள்ள 16 ஆம்பியர் பாயிண்டைப் பூட்டுப் பெட்டிக்குள் அமைப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே ஒப்புதல் கிடைத்தது. எலக்ட்ரீசியன் அரை நாளில் முடித்த வேலைக்கு அனுமதி பெற ஐந்து வாரங்கள் ஆயின.

நாளொன்றுக்கு 22 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 40 யூனிட் கூடியிருக்கிறது. மொத்தப் பயன்பாடு, கட்டண விகிதம் கூடும் 500 யூனிட்டைத் தாண்டாததால் கட்டணம் பெரிதாக உயரவில்லை. முன்பு மாதந்தோறும் ஏறத்தாழ 12 லிட்டர் பெட்ரோல் போட்டேன்.

அதே சுவரில் இப்போது இன்னும் இரண்டு வீடுகளின் குழாய்கள் ஓடுகின்றன. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் வீட்டு உரிமையாளர் இன்னும் சம்மதம் தரவில்லை. நான் எடுத்த வழிகாட்டுதலின் அச்சுப் பிரதி இப்போது அந்த வாடகைதாரரிடம் இருக்கிறது.