வாங்கில் இருத்தி உயரம் அளப்பது

மெய்வல்லுநர் பயிற்றுவிப்பாளர் வகுப்பில் சேர்ந்தபோது நிறுத்தற்கடிகாரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள்தான், ஆனால் அதன் மேல் இருந்த நம்பிக்கையைக் குறைக்கும் விதமாக. 100 மீற்றர் ஓட்டத்தில் முடிவுக்கோட்டில் நிற்பவர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால், அந்தச் சத்தம் அவரிடம் வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட 0.3 செக்கன் போய்விடும். புகையைப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். அப்போதும் கை தாமதிக்கும் என்பதால், கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 செக்கன் கூட்டிக்கொள்கிறார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதி, கொடி அசைத்து எடுத்த நேரங்களைப் பாடசாலைச் சாதனை என்று பலகையில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்தப் பலகையில் என் பெயரும் இருக்கிறது. அந்த நேரத்தை மட்டும் நம்புகிறேன்.

வகுப்பில் என்னைப் பிடித்து இழுத்தது வேறொன்று: ஒரு பிள்ளையின் உடம்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று அறிவது. பிறந்த திகதி, நிறை, நின்ற உயரம், இருந்த உயரம் (வாங்கில் இருத்தி அளப்பது) ஆகியவற்றை ஒரு சமன்பாட்டில் போட்டால், அந்தப் பிள்ளையின் வேகமான வளர்ச்சியின் உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது, அல்லது அது தாண்டி எவ்வளவு காலம் ஆகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். ஆய்வாளர் மிர்வால்டும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட முறை இது. அரை வருடம் முன்பின் போகக்கூடிய கணக்குத்தான். இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல். இருந்த உயரம் எதற்கு என்றால், வளர்ச்சி வேகம் எடுக்கும்போது முதலில் கால் நீளும், உடல் பிறகுதான் எட்டிப்பிடிக்கும்.

சனிக்கிழமை காலைகளில் பாடசாலை மண்டபத்தில் அளக்கிறேன். சுவரோடு சேர்த்துப் போட்ட ஒரு வாங்கு, சுவரில் ஒட்டிய அளவு நாடா, தலைக்கு மேல் வைப்பதற்குக் கணிதப் பாட ஆசிரியையிடம் இரவல் வாங்கிய பெரிய மூலைமட்டம். பையன்கள் குதியைத் தூக்குவார்கள். சிறுமிகளின் கொண்டை அளவைக் கூட்டிவிடும். அவிழ்க்கச் சொன்னால் முறைப்பார்கள். ஒரு தடவை காலையிலும் அடுத்த தடவை பின்னேரத்திலும் அளக்கக் கூடாது. பகல் முழுவதும் நின்று நடந்ததில் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்ரிமீற்றர் வரை குறைந்துவிடும். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை வளர்வதே ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர்தான். நேரம் பாராமல் அளந்தால் வளர்ந்த பிள்ளை வளராததாகத் தெரியும்.

என்னிடம் வரும் பையன்களில் இருவர் ஒரே வகுப்பு, பிறந்ததும் ஒரே ஆண்டு. ஒருவனுக்கு மேலுதடு கறுத்துவிட்டது; 100 மீற்றரில் மற்றவனை நன்றாகப் பின்னால் விட்டுவிடுகிறான். கணக்குப் போட்டால் இவன் உச்சத்தைத் தாண்டிவிட்டான், அவனுக்கு அது வரவே இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பாடசாலை கேட்பது பதக்கம் என்பதால் பெயர்ப் பட்டியலில் யார் இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் கொப்பியில் சின்னவனுக்கு நல்ல குறிப்பு உண்டு. முழங்காலைத் தூக்கச் சொன்னால் மூன்றாவது ஓட்டத்திலும் தூக்குகிறான். அஞ்சலோட்டத்தில் கோல் வாங்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியவன் இரண்டையும் அடுத்த நிமிடமே மறந்துவிடுகிறான். வெல்கிறவனுக்கு ஞாபகம் வைத்திருக்க என்ன தேவை?

உச்சத்தில் நிற்கும் இன்னொருவன் முழங்காற் சில்லுக்குக் கீழே வலி என்றான். தசைநாண் கணைக்காலெலும்பைப் பிடித்திருக்கும் இடம் அது. வளரும் பருவத்தில் ஓடிப் பாய்கிற பிள்ளைகளுக்கு அடிக்கடி நோகும். வைத்தியரிடம் காட்டச் சொன்னேன், பாய்ச்சல் பயிற்சியைக் குறைத்தேன். அவனுடைய தாத்தா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர். “மகள், 1958இல் எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் ஆறடி எட்டங்குலம் உயரம் பாய்ந்தாரே, அவரை யார் வாங்கில் இருத்தி அளந்தார்கள்?” என்று கேட்டார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது, 2.03 மீற்றர். நியாயமான கேள்விதான். அப்படிப்பட்டவர்கள் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள். 13 வயதில் தோற்று, 14 வயதில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு டியூஷனுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை என்றேன். தாத்தா தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்பது வேறு விடயம்.

பெண் பிள்ளைகளிடம்தான் எனக்கு உண்மையான ஆற்றாமை. அவர்களுக்கு உச்சம் ஏறத்தாழ 12 வயதில் வருகிறது, பையன்களுக்கு 14இல். பெரியபிள்ளையாவது பெரும்பாலும் அந்த உச்சம் கழிந்து ஒரு வருட அளவில். அதாவது சாமத்தியவீட்டு அழைப்பிதழ் என் கைக்கு வரும்போது அந்தப் பிள்ளையின் வேகமான வளர்ச்சி தணிந்திருக்கும். பலம் சேர்க்கும் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்ட இதைவிட நல்ல காலம் இல்லை. சரியாக அப்போதுதான் வீட்டில் நிறுத்துகிறார்கள்.

வெள்ளவத்தையில் அப்படியொரு விழாவுக்குப் போயிருந்தேன். சேலையும் நகையுமாக மேடையில் நின்ற பிள்ளை, படம் எடுக்கும் இடைவெளியில் “மிஸ், திங்கட்கிழமை வரலாமா?” என்று கேட்டாள். “இனி என்னம்மா ஓட்டம்?” என்றார் தாய். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, தொலைபேசியில் பிள்ளையின் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டினேன். கோடு எங்கே ஏறி எங்கே தணிகிறது என்று அவர் கவனமாகத்தான் பார்த்தார். காற்சட்டை அவருக்குப் பிரச்சினை. நீளக் காற்சட்டை போடலாம் என்றேன். வெயில் பிரச்சினை, காலையில் வரலாம் என்றேன். சுகததாச விளையாட்டரங்கிலிருந்து இருட்டும் நேரத்தில் பஸ்ஸில் யார் கூட்டிவருவது என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதற்கு எந்த வகுப்பிலும் சமன்பாடு தரவில்லை.

கடைசியில், தம்பியும் கூட வருவதென்றால் சரி என்று ஒப்புக்கொண்டார். தம்பி ஐந்தாம் வகுப்பு; ஓட்டத்தில் கொஞ்சமும் ஆர்வம் இல்லை, சும்மா இருக்கவும் தெரியாது. அளவு நாடாவின் மறு நுனியைப் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். பிறந்த திகதியையும் கேட்டுக் கொப்பியில் எழுதிவிட்டேன்.